மட்டை வீச ஏழு நிலைகள்

என் கணவருக்கு நுளம்பு அடிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததெல்லாம் இதைத் தெரிந்தால்தான் விளங்கும்.

எங்கள் வீட்டில் மின்சாரத்தில் சார்ஜ் போடுகிற நுளம்பு மட்டை ஒன்று இருக்கிறது. கோப்பாயில் விளக்குப் போடுகிற நேரம் தோட்டக் காணிகளில் இருந்து நுளம்பு வீட்டுக்குள் வரும். அவர் மட்டையை எடுத்துக்கொண்டு நடு ஹோலில் போய் நிற்பார். நுளம்பு வருகிற திசை, அதன் வேகம், மட்டையைச் சரிக்க வேண்டிய கோணம் எல்லாம் அவருடைய நெற்றியில் ஓடுவது தெரியும். அதற்குள் அது அவருடைய கழுத்தில் இருந்து வயிறாரக் குடித்துவிட்டுப் போய்விடும். மகள் படிக்கிற கதிரையில் இருந்தபடியே கையை நீட்டி மட்டையை வாங்கி ஒரு வீச்சு வீசுவாள். பட்டென்று பொரியும். கொப்பியில் இருந்து தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள்.

இந்த மனிதர்தான் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பேஸ்போல் அடிக்கப் படிப்பித்தவர்.

அவர் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக் கொடுக்கிற ரியூசன் மாஸ்டர். இணுவிலில் தகரக் கொட்டகை போட்டு வகுப்பு நடத்துகிறார். மைக் பிடித்தால் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் விளங்கும். கெட்டிக்காரர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றை விளங்கப்படுத்திவிட்டால் அதைச் செய்து முடித்த மாதிரித்தான் என்று நம்புகிற சாதி. கிணற்று மோட்டர் நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று அரை மணித்தியாலம் வகுப்பெடுப்பார். தண்ணீர் நான்தான் அள்ள வேண்டும்.

மகளுக்கு அந்த வருடம் ஓ.எல் பரீட்சை. ஓ.எல் பிள்ளையின் கிழமை எப்படியிருக்கும் என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. விடிய எழும்பிக் கணக்கு வகுப்பு, பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் விஞ்ஞானம், சனி ஞாயிறென்றால் இரட்டிப்பு. கோயிலுக்குப் போவதென்றாலும் இரண்டு வகுப்புக்கு நடுவில் ஒரு கும்பிடு. இதற்குள் செவ்வாயும் வியாழனும் பின்னேரம் பள்ளிக்கூட மைதானத்தில் பேஸ்போல் என்று ஒன்று எப்படியோ நுழைந்துவிட்டது. யாரிடமும் எதுவும் படிக்காமல் அவள் மூச்சு விடுகிற நேரம் அந்த இரண்டு பின்னேரங்கள்தான். நான் வேலை செய்கிற தபால் கந்தோரில் இருந்து வருகிற வழியில் மதிலுக்கு வெளியே ஸ்கூட்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பேன். அவள் சிரிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டியிருந்தது.

விளையாட்டு ரீச்சருக்குப் பேஸ்போல் தெரியாது. அவ வலைப்பந்துக்காரி. வலயக் கல்விக் கந்தோரில் இருந்து ஒரு பெட்டியில் மட்டையும் கையுறையும் வந்திறங்கியபடியால் அவவின் தலையில் அதைக் கட்டிவிட்டார்கள். அவவுக்குத் தெரிந்தது மூன்று வசனம்: "பந்தைப் பார். வந்தா அடி. அடிச்சா ஓடு." இதைச் சொல்லிவிட்டு வேப்பமர நிழலில் கதிரையைப் போட்டுக்கொண்டு போனைப் பார்ப்பா. ஞானத்தால் அல்ல, நாலாவது வசனம் தெரியாததால் நிறுத்தினா. ஆனால் பிள்ளைகளுக்கு அது போதுமாயிருந்தது. என் மகள் முதல் நாளே அடித்த பந்து மதிலைத் தாண்டி அடுத்த காணி வெங்காயப் பாத்திக்குள் விழுந்து, தோட்டக்காரர் வந்து சண்டை பிடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறையாவது அவர் சண்டைக்கு வந்தார். நன்றாய் அடித்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

வலய மட்டப் போட்டிக்கு அணி தெரிவாகியது. பெற்றோர் கையெழுத்து வைக்கப் போன இடத்தில்தான் என் கணவர் மகள் அடிப்பதை முதன்முதலாகப் பார்த்தார். மட்டை சுழன்றது, பந்து போனது, வெங்காயக்காரரின் சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற தகப்பன்மார் எல்லாரும் கை தட்டினார்கள். இவர் என் பக்கம் குனிந்து, "உவள் முழங்கையை மடக்கிறாள், கண்டனீரோ?" என்றார்.

அன்றைக்கே குரங்கின் கையில் பூமாலை போகிறதென்று தெரிந்தும் வாய் திறக்காமல் நின்றேன்.

ஒரு கிழமை முழுக்க அவர் போனில் வெள்ளைக்காரர் மட்டை வீசுகிற வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். சோற்றுக்குக் கூப்பிட்டால் கையைக் காட்டினார். கடைசியில் விறாந்தைக்கு வந்து ஒரு புது மருந்தைக் கண்டுபிடித்தவர் போல அறிவித்தார்: அடி என்பது ஒரு செயல் இல்லையாம், ஏழு நிலைகளாம். நிற்றல், பிடித்தல், நோக்கல், எடை மாற்றல், இடுப்புத் திருப்பல், மட்டை இறக்கல், தொடர் வீச்சு. மறக்காமல் இருக்க முதலெழுத்துகளைக் கோத்து ஒரு மந்திரமும் செய்திருந்தார்: நிபிநோ எயிமதொ. ரியூசன் மாஸ்டர் என்றால் எழுத்துக் கோக்காமல் இருப்பாரா? ஆவர்த்தன அட்டவணைக்கு ஒன்று, பற்களின் பெயருக்கு ஒன்று, இப்போது என் பிள்ளையின் இடுப்புக்கும் ஒன்று.

வகுப்பில் கொடுக்கிற மாதிரிப் பாடக் குறிப்புகளை ரியூட்டாக அடித்துக்கொண்டு வந்தார். முகப்பில் 'பேஸ்போல் அடித்தல்: கோட்பாடும் பிரயோகமும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே முகமில்லாத குச்சி மனிதர்கள், அவர்களின் உடம்பு முழுக்க அம்புக்குறிகள். முறுக்கம், கோண உந்தம், விசையிணை. நான் முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினேன். ஒரு படத்திலாவது பந்து இல்லை.

"இஞ்சாருங்கோ, பந்து எங்கை?"

"பந்து தரப்பட்டிருக்கு," என்றார். கேள்வித்தாளில் திணிவும் வேகமும் தரப்பட்டிருக்கிற மாதிரி. அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை, அது தானாய் வரும் என்கிற மாதிரி. எனக்கு அந்த நேரம் அவரில் கோபம் வரவில்லை. கோபமென்றால் கொஞ்சம் மரியாதை இருக்க வேண்டுமே. எனக்கு வந்தது சுத்தமான இளக்காரம்.

அவர் மகளுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தால் வீட்டுக்குள் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். ஆனால் ஒரு பிள்ளைக்கு ரியூட் கிடைத்தது என்று கேள்விப்பட்டால் மற்றப் பிள்ளையின் தாய்க்கு நித்திரை வராத ஊர் இது. அந்தப் பிள்ளைக்கு உண்மையில் அது தேவையா என்று ஒருத்தியும் கேட்க மாட்டாள். அடுத்த வீட்டுக்காரிக்கு இருக்கிறது, எனக்கு இல்லை, அவ்வளவுதான் கணக்கு. அடுத்த கிழமை அணியின் பிள்ளைகள் முழுப்பேரும் எங்கள் விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரைகளில் வந்து இருந்தார்கள். வெள்ளைப் பலகை வந்தது. மட்டைகளை வாசலில் செருப்போடு வைத்துவிட்டு வரச் சொன்னார். மட்டை கையில் இருந்தால் கவனம் சிதறுமாம்.

நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். மதிலேறி மாங்காய் பறிக்கிற பிள்ளைகள், 'இடுப்புத் திருப்பலின்போது உடலின் மேற்பகுதி பின்தங்குவதன் காரணங்கள் மூன்று தருக' என்று குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்த அழகைப் பார்க்க ரீச்சரும் ஒருநாள் வந்தா. வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, மாஸ்டர் சேர் இருக்கிறபடியால் தனக்குப் பெரிய ஆறுதல் என்று சொல்லிவிட்டுப் போனா. பின்னே? இனி வேப்பமர நிழலில் இருக்கிறதற்கு அவவுக்குக் காரணமும் கிடைத்துவிட்டது.

பிறகு பரீட்சை வைத்தார். பேஸ்போலுக்கு எழுத்துப் பரீட்சை. வினாத்தாளைக் கண்டபோது பகிடி விடுகிறார் என்று நினைத்தேன், ஆனால் அவர் வாழ்க்கையில் பகிடி விட்டதே இல்லை. மகளுக்கு அதி கூடிய புள்ளி. தன் கையெழுத்தைத் தவிர வேறெதையும் நேராகச் செலுத்தத் தெரியாத ஒரு பிள்ளைக்கு இரண்டாமிடம். அணித் தலைவி, பந்தைக் கண்டால் வெளுத்து வாங்குகிறவள், சித்தியடையவில்லை. அந்தப் புள்ளி வரிசையில்தான் மட்டை பிடிக்க இறங்க வேண்டும் என்று இவர் சொல்ல, ரீச்சரும் தலையாட்டினா. வெளுத்து வாங்குகிறவள் கடைசியில் போனாள். அவளுடைய தாய் அதற்காகச் சண்டை பிடிக்க வரவில்லை, மகளுக்கு மேலதிக வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டுத்தான் வந்தா.

மைதானத்தில் அவர் பந்து தடுக்கக் கட்டின வலைக்குப் பின்னால் நின்று நிலைகளைச் சத்தமாகச் சொல்லுவார். நாலாவதில் "நில்" என்பார். பிள்ளை ஒரு காலைத் தூக்கியபடி நிற்கும். அவர் போய் முழங்காலைக் காட்டி, தோளைக் காட்டி, கொப்பியைத் திறந்து காட்டி, பிறகு "தொடரலாம்" என்பார். இரண்டு கிழமையில் வெங்காயக்காரர் சண்டைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, இப்போது விளையாட்டு இல்லையோ என்று என்னிடம் விசாரித்தார். இருக்கிறது, பந்துதான் வருகுதில்லை என்றேன்.

என் கணவர் இதற்கும் காரணம் வைத்திருந்தார். பிள்ளைகள் ரியூட்டைத் திரும்பப் படிக்கிற மீட்டல் போதாதாம்.

அன்றைக்குத்தான் நான் வாயைத் திறந்தேன். அவள் முந்தி நன்றாய் அடித்தவள், நீங்கள் வந்துதான் கெடுத்தீர்கள் என்று நேரே சொன்னேன். அவர் என்னை ஒரு முதலாம் தவணைப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"அது தற்செயல்," என்றார். "முந்தி அடிச்சதெல்லாம் தற்செயல். இனி அடிக்கிறதுதான் அடி."

இப்படி ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு ஒரு மனிதர் போய்ப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட முடியுமென்றால் அவரோடு என்ன கதைப்பது? ஆனால் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிறபோது அவர் சொன்னதுதான் என்னை உலுப்பியது. வலயப் போட்டியில் அடித்தால் சரி, மாகாணத்துக்குப் போனால் சான்றிதழாவது மிஞ்சும். இவ்வளவு படிப்பித்தும் அடிக்காவிட்டால் அவளுக்கு இது ஏறாது என்றுதான் அர்த்தம். செவ்வாயும் வியாழனும் இன்னொரு விஞ்ஞான வகுப்பில் விடலாம், ஓ.எல் வருகிறதுதானே.

மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் தோய்த்தாள்.

அந்தக் கிழமையில் அவளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பிடும்போது உதடு அசையும். பஸ் நிலையத்தில் நிற்கிறபோது இடுப்பு மெல்லத் திரும்பும், பிறகு தானே வெட்கப்பட்டு நிறுத்துவாள். நுளம்பு மட்டையைக்கூடத் தொடாமல் விட்டாள். போட்டிக்கு முதல் நாள் நான் தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்:

"அம்மா, நான் முந்தி எப்பிடி அடிச்சனான்?"

எப்படி நடக்கிறேன் என்று கேட்கிற பிள்ளைக்கு என்ன சொல்வது? பின்னலை இறுக்கிக் கட்டிவிட்டு, போய்ப் படு பிள்ளை என்றேன். அறைக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதேன். என் பிள்ளை ஒரு கையைத் தொலைத்துவிட்டு வந்து என்னிடம் தேடித் தரச் சொன்ன மாதிரி இருந்தது.

போட்டி காங்கேசன்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. கடல் காற்று மண்ணை அள்ளி எறிந்தது. எதிரணிப் பிள்ளைகள் கரையோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்து வந்திருந்தார்கள். விசேஷமாக ஒன்றும் ஆடவில்லை. வந்ததை அடித்தார்கள், அடித்ததும் ஓடினார்கள், விழுந்தால் சிரித்தார்கள். எங்கள் பிள்ளைகளோ பரீட்சை மண்டபத்துக்கு வந்தவர்கள் போல் வரிசையாய் இருந்து ரியூட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ரியூட்டைப் பைக்குள் வையுங்கள் என்று நடுவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

முதலாம் இடத்தில் இறங்கியவள் என் மகள். தூரத்தில் இருந்தே அவளுடைய உதடு அசைவதைக் கண்டேன். நிபிநோ. பந்து வந்தது. எயி. பந்து போய்விட்டது. மூன்று பந்தும் அப்படியே அவளைக் கடந்து போயின, மட்டை தோளை விட்டு இறங்கவில்லை. அடுத்தவளுக்கும் உதடு அசைந்தது. அதற்கு அடுத்தவளுக்கும். எதிரணியில் பந்து எறிகிற பிள்ளை, இவர்கள் ஏதோ செபம் சொல்கிறார்கள் என்று நினைத்தோ என்னவோ, கொஞ்சம் பொறுத்துப் பொறுத்து எறிந்தாள். பாவம், நல்ல பிள்ளை.

இரண்டாம் முறை மகள் மட்டையை வீசினாள். பந்து வந்து பின்னால் இருந்தவளின் கையுறைக்குள் அடங்கிய பிறகு வீசினாள். என் கணவர் வலைக்குப் பின்னால் நின்று, ஆறாம் நிலை பிந்தினாலும் வடிவம் சரியென்று மெச்சினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தாள். வருகிற வழியில் வலைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், எத்தனை புள்ளி என்று கேட்கிற கண்ணோடு. அந்தப் பார்வையைக் கண்டதும் இந்த மனிதரை இங்கேயிருந்து அகற்றாமல் நான் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று முடிவெடுத்தேன்.

அவரை எப்படி அகற்றுவது? போங்கள் என்றால் போக மாட்டார். சண்டை பிடித்தால் ஊர் கூடும், அவருக்கு இன்னும் ஒரு வகுப்புக்கு ஆள் சேரும். ஆனால் பதினெட்டு வருடம் ஒரு ரியூசன் மாஸ்டரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு ஒரு வழி தெரியாமலா போகும்? என் பக்கத்தில் குடையோடு இருந்தவவின் மூத்த மகன் இவருடைய வகுப்பில் பௌதிகவியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவவின் காதுக்குள் சொன்னேன்:

"சேர் இண்டைக்குத்தான் ஆறுதலா நிக்கிறார். மகனைப் பற்றிக் கதைக்கிறதெண்டா இப்ப கதையுங்கோ."

அவ குடையை என் கையில் தந்துவிட்டு எழும்பியதைக் கண்டு பின்னுக்கிருந்த இன்னொருத்தி எழும்பினா. என்ன விஷயம் என்று தெரியாமலே ஒரு தகப்பனும் போனார். கொஞ்ச நேரத்தில் வலையடியில் பெற்றோர் கூட்டமே நின்றது. என் கணவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கையை உயர்த்தி, சடத்துவத்தைப் பற்றித் தொடங்கிவிட்டார். கேட்க ஆள் இருந்தால் அவருக்கு வீடு எரிந்தாலும் தெரியாது.

கடைசிச் சுற்று. மகள் மூன்றாம் முறை இறங்கினாள். பழக்கத்தில் வலைப் பக்கம் பார்த்தாள். அங்கே தகப்பனின் முதுகு மட்டும் இருந்தது. பிறகு என்னைத் தேடினாள். நான் கண்ணைப் பிள்ளையில் இருந்து எடுத்து, மைதான மூலையில் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டைப் பார்க்கத் தொடங்கினேன். எனக்கும் அவளிடம் சொல்ல ஏதோ இருக்கிறதென்று அவள் நினைத்துவிடக் கூடாது.

ஆகவே நானும் அந்த அடியைப் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. நுளம்பு பொரிகிற சத்தத்தை ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிப் பெருப்பித்தால் எப்படியிருக்குமோ, அப்படி. ஆடு துள்ளி விலகியது. திரும்பிப் பார்த்தால் பந்து ஆடு நின்ற மூலை மதிலில் பட்டு உருண்டுகொண்டிருந்தது, என் பிள்ளை பின்னல் பறக்க ஓடிக்கொண்டிருந்தாள், வாயெல்லாம் சிரிப்பு. நான் குடையை எறிந்துவிட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

போட்டியில் தோற்றுத்தான் போனோம். ஒரு ஓட்டத்தால். மாகாணமும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆனால் அடித்தாளே. அதுதான் அவர் வைத்த நிபந்தனை.

அவர் திரும்பி, என்ன சத்தம் என்று கேட்டார். மகள் அடித்துவிட்டாள் என்றார்கள். உடனே அந்தப் பெற்றோருக்கு, பார்க்காத அந்த அடியில் ஐந்தாம் நிலை எப்படி வேலை செய்தது என்று விளங்கப்படுத்தினார். அவர்களும் தலையாட்டினார்கள். அவர்களும் பார்க்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை. நான் கந்தோரால் வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். விளையாட்டு உடுப்போடு தொப்பியும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டு வந்த மகளை அவர் மறித்து விறாந்தைக் கதிரையில் இருத்தினார். வெள்ளைப் பலகை துடைத்துத் தயாராக இருந்தது.

"பிள்ளை, கவனமா யோசிச்சுச் சொல்லு. அந்த அடி அடிக்கேக்கை என்ன நினைச்சனீ?"

மகள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

"ஒண்டும் நினைக்கேல்லை, அப்பா."

அவர் கையில் இருந்த ரியூட்டை மூடி வைத்தார். அப்பாடா, இனியாவது விளங்கியதே என்று நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அவருடைய முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. மார்க்கரை எடுத்துப் பலகைப் பக்கம் திரும்பினார். கொட்டை எழுத்தில் எழுதத் தொடங்கினார்: 'எட்டாம் நிலை: நினையாதிருத்தல்'. அதற்குக் கீழே கோடு போட்டு, 'உபபிரிவுகள்' என்று எழுதி, அ, ஆ, இ என்று இடம் விட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். மைதானத்தில் இப்போது பயிற்சி தொடங்கியிருக்கும். நான் தலையால் வாசலைக் காட்டினேன். அவள் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்த மட்டையைச் சத்தமில்லாமல் எடுத்தாள். கதிரை வெறுமையானது. அவர் திரும்பினால் வெறும் கதிரையைக் கண்டுவிடுவார், கண்டால் கூப்பிடுவார், கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள். நான் போய் அந்தக் கதிரையில் இருந்தேன்.

அவர் திரும்பினார். என்னைக் கண்டார். மகள் எங்கே என்று கேட்கவில்லை. கதிரையில் ஆள் இருந்தது, அவருக்கு அது போதும்.

"எழுதும்," என்றார்.

ஸ்ரூலில் கிடந்த கொப்பியை மடியில் வைத்து எழுதினேன். 'ஆ' பிரிவுக்கு வரும்போது கேற்றடியில் மகளின் சைக்கிள் மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

"விளங்குதோ?"

"ஓம்," என்றேன். "சொல்லுங்கோ."